ஆய்வு நூல்கள் இனி ஊரிலேயே

லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து மேற்படிப்புக்குச் செல்லும் நம் பிள்ளைகள், ஓர் ஆய்விதழைப் பார்க்கவே திருச்சிக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. போக முடியாத பெண்பிள்ளைகள் தலைப்பையே மாற்றிக்கொண்டதும் உண்டு. இனி அந்த நிலை வேண்டாம். நாம் அறிய வேண்டியவை மூன்று:

1. ஒரே நாடு ஒரே சந்தா: 2025 ஜனவரி முதல், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறக்கப்பட்டுள்ளன. உங்கள் கல்லூரி பதிந்துள்ளதா என்று நூலகரிடம் கேளுங்கள். முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகளுக்கு இது இல்லை.

2. சோத்கங்கா: இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல், காரைத் தொல்லுயிர் எச்சம் என நம் மண்ணைப் பற்றியே தேடிப் பாருங்கள்.

3. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம்: பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் இலவசம்.

ஓர் எச்சரிக்கை. கிடைத்ததை அப்படியே எடுத்தெழுதக் கூடாது. யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி, ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் திருத்தித் தர வேண்டும்; 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். பிறர் எழுத்தும் அமானிதமே. எடுத்த இடத்தைச் சொல்லி எழுதுவோம்.

பெற்றோரே, இதை இன்றே பிள்ளைகளிடம் படித்துக் காட்டுங்கள்.