தங்கம் அரிக்கப் போகிறீர்களா?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பொழுதுபோக்காகத் தங்கம் தேட உரிமம் உண்டு. அதில் என் கண்ணில் முதலில் பட்ட விதி, வெடிமருந்து கூடாது என்பதுதான். பட்டாசு ஊரான அச்சங்குளத்துக்காரன் கண்ணுக்கு வேறென்ன படும்!

'மைனர்ஸ் ரைட்' என்பது அதன் பெயர். 1854-இல் பல்லாரட் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் யுரேகா கிளர்ச்சியில் ரத்தம் சிந்தியதால் 1855-இல் வந்தது. இன்று சிறு தொகை கட்டினால் 10 ஆண்டு செல்லும். மண்வெட்டி, மெட்டல் டிடெக்டர் போதும். இயந்திரம் வைத்துத் தோண்டக் கூடாது. கிடைப்பது நமக்கே.

தனியாகப் போகாமல் கிளப்பில் சேருங்கள். பெண்டிகோ பக்கம் எங்கள் வார இறுதி முகாமில் புதியவருக்கு வாளி மண்ணில் நாலைந்து தங்கத் துகளைக் கலந்து கொடுத்து அரிக்கச் சொல்வார்கள். தங்கம் இருப்பது உறுதியான மண்ணில் பழகினால்தான் குறை கையிலா மண்ணிலா என்று தெரியும்.

நம் வீட்டில் அரிசி அரித்துக் கல் நீக்கும் அதே கைவாகுதான். தட்டைத் தண்ணீருக்குள் முக்கி, களிமண் கட்டியை விரலால் கரைத்து, பக்கவாட்டில் உலுக்குங்கள். தங்கம் மணலைப்போல ஏழு மடங்கு கனம், அடியில் உட்கார்ந்துவிடும். மேல்மணலைச் சாய்த்துக் கழித்தால் கருமணல் நிற்கும். அவசரப்பட்டுத் தங்கத்தைக் கொட்டுவது இந்த இடத்தில்தான். கருமணலைக் காயவைத்து, பிளாஸ்டிக் உறைக்குள் காந்தத்தை வைத்துத் தடவினால் பெரும்பகுதி ஒட்டிக்கொண்டு வரும். உறை இல்லையென்றால் காந்தத்தைத் துடைத்தே பொழுது போகும். மிஞ்சிய மஞ்சளை ஊசியால் அழுத்துங்கள்: தங்கம் நசுங்கும், தங்கம்போல மினுங்கும் பைரைட் நொறுங்கும்.

டிடெக்டர் கத்தினால் பெரும்பாலும் ஆணி, ஈயக் குண்டு. 1980-இல் கிங்கோவரில் 27 கிலோ கட்டி அதில் சிக்கியது உண்மைதான். அதை நம்பி லீவு போடாதீர்கள். ஆணியைப் பையில் போட்டுக் குழியை மூடுங்கள். குழியை மூடாதவருக்கு எங்கள் கிளப்பில் மரியாதை கிடையாது.

"வர்றப்ப ஒரு டிடெக்டர் வாங்கிட்டு வாங்கண்ணே, வெம்பக்கோட்டை மேட்டுல பாத்துருவோம்" என்கிறார்கள் ஊர்த் தம்பிமார். வைப்பாற்றங்கரையிலுள்ள அந்த மேட்டில் 2022-இல் அகழாய்வு தொடங்கித் தங்க அணிகலன் கிடைத்ததன் விளைவு! அங்கே கை வைக்காதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் பெறும் புதையலைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆய்வாளருக்குப் பொருளைவிட அது கிடந்த மண்ணடுக்கு பெரிது. பெயர்த்துவிட்டால் அது போச்சு. சங்கு வளையல் துண்டு கண்ணில் பட்டாலும் இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.