பரணில் இருக்கும் லேப்டாப்பைக் கீழே இறக்குங்கள்

"போன்லயே எல்லாம் ஆகுதே, அப்புறம் லேப்டாப் எதுக்கு?" நியாயமான கேள்விதான். மின் கட்டணம் கட்ட, குடும்ப அட்டை விவரம் பார்க்க, பட்டா எடுக்க போன் போதும். ஆனால், கல்வி உதவித்தொகைக்கோ அரசுத் தேர்வுக்கோ விண்ணப்பிக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். போட்டோ இத்தனை கேபிக்குள் இருக்கணும், கையெழுத்து தனிக் கோப்பா இருக்கணும், நாலு சான்றிதழையும் ஒரே பிடிஎஃப் ஆக்கணும். பாதிப் படிவம் நிரப்பும்போது வேறு ஆப்புக்குப் போய் வந்தால், நிரப்பியது எல்லாம் காணோம்!

கடைசியில் பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்கு ஓடுகிறோம். வேலை முடிகிறது. ஆனால் நம் ஆதார், சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் அந்தக் கணினியிலேயே தங்கிவிடுகின்றன. நமக்குப் பிறகு அந்த நாற்காலியில் யார் உட்காருவார் என்று நமக்குத் தெரியாது.

வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருந்தால் இந்த ஓட்டம் தேவையில்லை. அது சின்னதாக, மெதுவாக, விலை குறைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, வீட்டின் அரசு வேலைகளுக்கு எப்படிப் பயன்படுத்துவது என்பதே இந்த இதழின் பாடம்.

லினக்ஸ் நமக்குப் புதுசா?

இல்லை. உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், நீங்கள் தினமும் லினக்ஸைப் பயன்படுத்துகிறீர்கள். ஆண்ட்ராய்டு ஓடுவதே லினக்ஸ் கருவின் மேல்தான். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் அந்தக் கருவை எழுதி வெளியிட்டார். அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இதைத்தான் திறந்த மூல மென்பொருள் என்கிறோம். லைசென்ஸ் கட்டணம் கிடையாது. ஆகவே திருட்டு நகல் என்ற பேச்சும் கிடையாது.

தமிழ்நாட்டிலும் இது பழைய கதைதான். 2011 செப்டம்பரில் அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது, மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்காக உருவாக்கியது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடமே திறந்த மூல மென்பொருளில்தான் நடக்கிறது.

பழைய விண்டோஸ் இருந்தால் ஏன் மாற்றணும்?

"ஓடுதே, விடுங்க" என்று சொல்லத் தோன்றும். ஆனால், விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரி 14-ல் நின்றன. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. குரோம் பிரவுசரின் புதிய பதிப்புகள் 2023 தொடக்கத்திலிருந்தே விண்டோஸ் 7-ல் வருவதில்லை. அப்டேட் இல்லாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டு பழுதான கதவுக்குள் நகையை வைப்பது மாதிரி. பல பழைய லேப்டாப்கள் விண்டோஸ் 11-ஐ ஏற்காது. லினக்ஸ் ஏற்கும்.

எந்த லினக்ஸ்?

லினக்ஸில் பல வகைகள் உண்டு. விண்டோஸ் பழகியவர்களுக்குக் கைக்கு எளிதாக வருவது லினக்ஸ் மின்ட். கீழே இடது மூலையில் மெனு, கீழே ஒரு பட்டை என்று பார்த்த மாதிரியே இருக்கும். இதற்குக் குறைந்தது 2 ஜிபி ராம், 20 ஜிபி டிஸ்க் இடம் வேண்டும். 4 ஜிபி ராம் இருந்தால் வசதியாக ஓடும். பழைய லேப்டாப்புக்கு அதன் 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பைத் தேர்வு செய்யுங்கள், அது இலகுவானது. மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் கிடைக்கும். 2 ஜிபி மட்டும் உள்ள லேப்டாப்பில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டேப்களுக்கு மேல் திறக்காதீர்கள்.

தொடங்கும் முன் 3 சோதனை

1. லேப்டாப்பின் அடிப்பாகத்தைப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள். சர்வீஸ் கடையில் கழற்றச் சொல்லுங்கள். பேட்டரி தனியாகக் கழலும் மாடல் என்றால், அது இல்லாமலேயே சார்ஜர் கம்பியில் ஓட்டலாம்.

2. தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். பல வருடம் சும்மா கிடந்த லேப்டாப்பில் தேதி பின்னோக்கிப் போயிருக்கும். தேதி தப்பாக இருந்தால் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சொல்லி எந்த அரசுத் தளமும் திறக்காது. குற்றம் தளத்தில் இல்லை, கடிகாரத்தில்.

3. உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இதுதான் மிக முக்கியம். மகனின் கல்லூரி ப்ராஜெக்ட், தாத்தாவின் கடைசி போட்டோ, கல்யாண வீடியோ எல்லாம் அதில் இருக்கலாம். ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ நகல் எடுங்கள். எடுத்த நகலை இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள். அதன் பிறகுதான் அடுத்த படி.

முதலில் பென் டிரைவில் ஓட்டிப் பாருங்கள்

லினக்ஸை இன்ஸ்டால் பண்ணாமலேயே சோதிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. லேப்டாப்பில் உள்ள எதையும் தொடாமல், பென் டிரைவிலிருந்தே முழு இயங்குதளமும் ஓடும்.

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பவை அழிந்துவிடும், கவனம். லினக்ஸ் மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள். சுமார் 3 ஜிபி இருக்கும் என்பதால் வைஃபை நல்லது. வேறு கணினி கிடைத்தால் எட்சர் என்ற இலவச மென்பொருள் மூலம் அதைப் பென் டிரைவில் எழுதலாம். கணினியே இல்லையா? உங்கள் ஆண்ட்ராய்டு போன் போதும். எட்ச்டிராய்டு என்ற இலவச ஆப்பை இறக்கி, ஓடிஜி கேபிளில் பென் டிரைவைச் செருகி, போனிலிருந்தே எழுதலாம்.

பிறகு பென் டிரைவை லேப்டாப்பில் செருகி ஆன் செய்யுங்கள். உடனே எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். எந்த விசை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வரும் பட்டியலில் யுஎஸ்பியைத் தேர்வு செய்தால் சில நிமிடங்களில் மின்ட் திரை வரும்.

இப்போது அவசரப்படாமல் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா? சத்தம் வருகிறதா? கேமரா, டச்பேட் வேலை செய்கிறதா? வைஃபை வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போன் செட்டிங்ஸில் 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். போனின் இன்டர்நெட் நேராக லேப்டாப்புக்கு வந்துவிடும். பிறகு 'டிரைவர் மேனேஜர்' திறந்தால், தேவையான வைஃபை டிரைவர் இருக்கிறதா என்று அதுவே தேடும்.

பென் டிரைவில் ஓடும்போது வேகம் குறைவாகத்தான் இருக்கும். இன்ஸ்டால் செய்த பிறகு கூடும்.

இன்ஸ்டால் செய்யும்போது ஒரு கேள்வி

திருப்தியா இருந்தால் திரையில் உள்ள 'இன்ஸ்டால்' ஐகானை அழுத்துங்கள். மொழி, கீபோர்டு, வைஃபை என்று வரிசையாகக் கேட்கும். நடுவில் வரும் ஒரு கேள்வியில் மட்டும் கையை எடுத்துவிட்டு இரண்டு முறை படியுங்கள்: விண்டோஸ் பக்கத்திலேயே லினக்ஸையும் வைக்கவா, இல்லை டிஸ்கை முழுவதும் அழித்துவிட்டு வைக்கவா? அழி என்று சொன்னால் எல்லாம் போகும். திரும்ப வராது. அதற்காகத்தான் முதலிலேயே நகல் எடுக்கச் சொன்னோம்.

பெயர், கடவுச்சொல் கேட்கும் இடத்தில், உங்கள் ஹோம் போல்டரை என்கிரிப்ட் செய்யும் வசதியும் இருக்கும். அதைத் தேர்வு செய்தால், லேப்டாப் திருடு போனாலும் உள்ளே உள்ள சான்றிதழ்களை மற்றவர் திறக்க முடியாது. ஆனால் கடவுச்சொல்லை மறந்தால் உங்களாலும் முடியாது. எழுதி, பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள்.

தமிழில் தட்டச்சு

1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு. 'சாஃப்ட்வேர் மேனேஜர்' திறந்து 'ஐபஸ்-எம்17என்' என்று ஆங்கிலத்தில் தேடி இன்ஸ்டால் செய்யுங்கள். 'இன்புட் மெத்தட்' பகுதியில் ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாக் அவுட் செய்து வாருங்கள். ஐபஸ் அமைப்புகளில் தமிழ், அதில் தமிழ்99 என்று சேர்த்தால் போதும். இது யூனிகோட் எழுத்து. மனுவில் அடித்தாலும் வாட்ஸ்அப்பில் ஒட்டினாலும் ஒரே மாதிரி தெரியும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி நம் வேலைக்கு வருவோம்

விண்ணப்பத்துக்கு: போனில் சான்றிதழைப் படம் எடுத்து, கேபிள் வழியாக லேப்டாப்புக்கு மாற்றுங்கள். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து, 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஜேபெக் ஆகச் சேமிக்கும்போது முன்னோட்டத்தை டிக் செய்தால், கோப்பு எத்தனை கேபி என்று அங்கேயே காட்டும். தரத்தைக் குறைக்கக் குறைக்க எண் இறங்கும். 50 கேபிக்குள் கேட்டால் 50-க்குள் வரும் வரை நகர்த்துங்கள், அவ்வளவுதான். பல சான்றிதழ்களை ஒரே பிடிஎஃப் ஆக்க 'பிடிஎஃப் அரேஞ்சர்' இருக்கிறது. படங்களால் பெரிதாகிப் போன பிடிஎஃப்பைச் சுருக்க லிப்ரெஆபீஸ் டிராவில் திறந்து மீண்டும் பிடிஎஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்யும்போது, படத்தின் தரத்தைக் குறைக்கும் வசதி உண்டு.

இதில் என்ன லாபம்? 'பிடிஎஃப்பைச் சுருக்கித் தருகிறோம்' என்று சொல்லும் முகம் தெரியாத தளத்தில் உங்கள் ஆதாரை ஏற்ற வேண்டியதில்லை. எல்லாம் வீட்டுக்குள்ளேயே முடிகிறது.

ஆதார் பிடிஎஃப் கடவுச்சொல் கேட்கிறதா? ஆதாரில் உள்ளபடி பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதை ஒட்டிப் பிறந்த ஆண்டு. லினக்ஸின் டாக்குமென்ட் வியூவரிலேயே திறக்கும்.

இ-சேவை, பட்டா சிட்டா, வில்லங்கச் சான்று, டிஜிலாக்கர் எல்லாம் இணையதளங்கள்தான், பயர்பாக்ஸில் திறக்கும். ஓடிபி போனுக்கு வரும், படிவம் லேப்டாப்பில் இருக்கும். படிவம் காணாமல் போகும் தொல்லை இல்லை.

எது ஆகாது?

இதையும் சொல்லியாக வேண்டும். டேலி, போட்டோஷாப் போன்றவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கைரேகைக் கருவி வைத்து வேலை செய்பவர்கள் விண்டோஸை வைத்துக்கொள்வதே நல்லது. வீட்டிலிருந்து எழுதும் சில ஆன்லைன் தேர்வுகள் விண்டோஸ் மட்டும் கேட்கும். தேர்வுக்கு முந்தைய நாள் அல்ல, விண்ணப்பிக்கும்போதே பாருங்கள். ஹெச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் சுலபமாக வேலை செய்யும். சில பழைய லேசர் பிரிண்டர்கள் அடம் பிடிக்கும். ஓய்வூதியர்களின் உயிர்வாழ்வுச் சான்றை முகம் காட்டிப் பதிய ஆண்ட்ராய்டு ஆப் இருப்பதால் அதைப் போனிலேயே முடியுங்கள்.

லினக்ஸ் என்றால் மோசடியே நடக்காது என்றும் நினைக்க வேண்டாம். போலித் தளத்தில் நாமே ஓடிபி கொடுத்தால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது. முகவரி 'கவ்.இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். மென்பொருளை 'சாஃப்ட்வேர் மேனேஜர்' வழியாக மட்டும் இறக்குங்கள். அப்டேட் வந்தால் தள்ளிப் போடாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

இந்த வார வீட்டுப்பாடம்: லேப்டாப்பைக் கீழே இறக்குங்கள், தூசி தட்டுங்கள், நகல் எடுங்கள், பென் டிரைவில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். இன்ஸ்டால் செய்வதை அடுத்த வாரம் முடிவு செய்யலாம். விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முந்தின இரவு மட்டும் தொடங்காதீர்கள்.