எட்டயபுரத்து வீடு

கோவில்பட்டிக்கு அருகே, கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த சிற்றூர் எட்டயபுரம். மழை பெய்தால் காலில் ஒட்டிக்கொள்ளும் கரிய மண். பருத்திக்கு ஏற்ற மண். இவ்வூரில் பழைய வீடு ஒன்று உள்ளது. மகாகவி பிறந்த இடம் என்று பெரிய மாளிகையை எதிர்பார்த்துச் செல்வோர் வியப்படைவர். அஃது எளிய வீடுதான். 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், சின்னசாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகச் சுப்பிரமணியன் இங்குப் பிறந்தார். சுப்பையா என்பது அவரை வீட்டார் அழைத்த பெயர்.

சுப்பையாவுக்கு ஐந்து வயதானபோது தாய் மறைந்தார். பதினோராம் வயதில், கவிபாடும் ஆற்றலைக் கண்ட எட்டயபுரத்துப் புலவர்கள் அவருக்குப் ‘பாரதி’ என்னும் பட்டத்தை வழங்கினர்.

தந்தையோ கணக்கிலும் இயந்திரத்திலும் நாட்டம் உடையவர். பருத்தி விளையும் ஊரிலேயே பருத்தி ஆலை ஒன்றை நிறுவ முற்பட்டார். ஆங்கிலேயர் வணிகத்தில் ஓங்கி நின்ற காலம் அது. ஆலை நொடித்தது, கைப்பொருள் கரைந்தது. 1898இல் தந்தையும் மறைந்தார். இத்துயரைப் பாரதியார் பின்னாளில் தம் வாழ்க்கையைக் கூறும் ‘கனவு’ என்னும் கவிதை நூலில் எழுதினார்.

பதினைந்து வயதுச் சிறுவன் இனி எங்கே செல்வது? கங்கைக்கரையில், காசியில், அத்தை குப்பம்மாள் இருந்தார். அனுமன் படித்துறைக்கு அருகில் இருந்த அவ்வீட்டில் தங்கிப் பாரதி வடமொழியும் இந்தியும் கற்றார். வீட்டிற்குள் தமிழ், தெருவில் இந்தி! உங்களுள் பலருக்கு இவ்வாழ்க்கை புதிதன்று.

சில ஆண்டுகளுக்குப் பின் எட்டயபுரம் திரும்பி அரண்மனையில் பணியாற்றினார். அப்பணியும் நிலைக்கவில்லை. 1904இல் மதுரைக்குச் சென்று தமிழாசிரியரானார். பிறகு சென்னை, புதுச்சேரி என அவர் வாழ்க்கை ஊர்விட்டு ஊர் நகர்ந்தது.

எட்டயபுரத்து வீடு இன்று அரசின் நினைவு இல்லம். எழுத்தாளர் கல்கியின் முயற்சியால் எழுந்த பாரதி மணிமண்டபமும் அவ்வூரிலேயே உள்ளது. அது 1947இல் திறக்கப்பட்டது. காசி வீட்டில் 2022ஆம் ஆண்டு பாரதியாரின் மார்பளவுச் சிலை திறக்கப்பட்டது. அவ்வீட்டில் அத்தையின் வழிவந்தோர் இன்றும் வாழ்கின்றனர்.

சொற்பொருள்
கரிசல் – கருமண் நிலம்
நொடித்தது – இழப்பால் வீழ்ந்தது
படித்துறை – ஆற்றில் இறங்கும் படிக்கட்டு

பயிற்சி
1. பாரதியின் தந்தை எட்டயபுரத்தில் பருத்தி ஆலை நிறுவ விரும்பியது ஏன்?
2. பாரதி காசிக்குச் செல்ல நேர்ந்த சூழலை உம் சொற்களில் எழுதுக.
3. உம் தாத்தாவோ பாட்டியோ பிறந்த வீடு எவ்வூரில் உள்ளது? அவர்களிடம் கேட்டு, அவ்வீட்டைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக. அவ்வீடு இப்போது இல்லையெனில், அவ்விடத்தில் என்ன உள்ளது என்பதையும் எழுதுக.