பழைய டி.வி.யின் காயிலைத் திருகும் முன்

வால்வு காலத்துக் கறுப்பு-வெள்ளை டி.வி.யில் படம் மங்கினால் உடனே ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) காயில்களைத் திருகாதீர்கள். அவை தானாக நகர்வது அபூர்வம். தேய்ந்த வால்வு, கசியும் கெபாசிட்டர், மதிப்பு மாறிய ரெசிஸ்டர் இவற்றை முதலில் பாருங்கள்.

திருகியே ஆக வேண்டுமென்றால், செட்டை அரை மணி நேரம் ஓடவிட்டு, காயிலுக்குள் திருகும் கோர் இருந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் திருப்புளி மட்டுமே; இரும்பு அருகே போனாலே டியூனிங் மாறும். இறுகிய கோரை மல்லுக்கட்டித் திருகினால் உடையும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடேற்றுங்கள். பல செட்களில் சேஸிஸிலேயே மின்சாரம் இருக்கும், ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

நம் நாட்டு செட்களில் ஐ.எஃப். படத்துக்கு 38.9, ஒலிக்கு 33.4 மெகாஹெர்ட்ஸ். எல்லாக் காயிலையும் 38.9-இல் உச்சத்துக்கு ஏற்றுவது ஆர்வக்கோளாறு. சிக்னல் கூடும், ஆனால் அலைவரிசை அகலம் குறுகி, படத்தின் நுணுக்கம் போய்விடும். காயில்கள் வெவ்வேறு இடத்தில் நிற்பது வேண்டுமென்றே செய்தது, 38.9 ஐ.எஃப். அதிர்வெண் வளைவின் சரிவில் பாதி உயரத்தில்தான் நிற்க வேண்டும். ஸ்வீப் ஜெனரேட்டரும் ஆசிலோஸ்கோப்பும் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

காதை நம்பிச் செய்யக்கூடியது 5.5 மெகாஹெர்ட்ஸ் (38.9-க்கும் 33.4-க்கும் உள்ள வித்தியாசம்) ஒலிக் காயில் மட்டுமே: பேச்சு தெளிவாகி, 'உர்ர்' இரைச்சல் மிகக் குறையும் இடத்தில் நிறுத்துங்கள்.