தேடுகிறவனையும் சந்தேகப்படுங்கள்

முதல் த்ரில்லர் நாவலைத் தொடங்கியிருக்கும் இளம் எழுத்தாளருக்கு,

சிறுவயதில் காணாமல் போன நண்பனைத் தேடிப் போகும் கதை என்றதும், அவனுக்கு என்ன ஆயிற்று, யார் செய்தது என்பதைத்தான் பெரும்பாலோர் முதலில் முடிவு செய்கிறார்கள். பிறகு வழிநெடுகத் துப்புகளைத் தூவிவிடுகிறார்கள். துப்பறியும் கதைக்கு அது போதும். உளவியல் த்ரில்லரில் தேடுகிறவனின் மண்டைக்குள்ளும் ஒரு விசாரணை நடந்தாக வேண்டும்.

டப்ளினில் வாழும் டானா ஃப்ரெஞ்ச் எழுதிய ‘இன் தி வுட்ஸ்’ (2007) நாவலை இதற்காகவே ஒருமுறை படியுங்கள். நடிப்புப் பயிற்சி பெற்ற அவர், தொல்லியல் அகழாய்வு ஒன்றில் வேலை பார்த்தபோது பக்கத்தில் இருந்த காட்டைப் பார்த்திருக்கிறார். மூன்று பிள்ளைகள் விளையாட உள்ளே ஓடி, ஒருவன் மட்டும் திரும்பினால்? அங்கேதான் நாவல் பிறந்தது.

கதையில் அது 1984 கோடைக்காலம். 12 வயது ஆடம், மரத்தோடு ஒட்டி நின்ற நிலையில் கிடைக்கிறான். காலணிக்குள் ரத்தம். நடந்தது எதுவும் நினைவில்லை. உடன் போன ஜேமியும் பீட்டரும் கிடைக்கவே இல்லை. 20 ஆண்டுகள் கழித்து, ராப் என்ற பெயரில் போலீஸ் துப்பறிவாளனாக இருக்கும் அவனிடமே ஒரு வழக்கு வருகிறது: அதே ஊரில், அகழாய்வு நடக்கும் இடத்தில், பழங்காலப் பலிபீடக் கல்லின் மேல் ஒரு சிறுமியின் உடல். தான் யார் என்பதை மேலதிகாரிகளிடம் மறைத்துவிட்டு விசாரணையில் இறங்குகிறான். கதையைச் சொல்பவனும் அவனே. பொய் சொல்வேன் என்று ஆரம்பத்திலேயே எச்சரிக்கிறான்; அப்படியும் நாம் நம்பிவிடுகிறோம்.

தன் நினைவையே நம்ப முடியாத கதைசொல்லி, எழுத்தாளரின் வசதிக்காக வந்த உத்தி அல்ல. 1995இல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் வெளியிட்ட ஆய்வில் 24 பேருக்கு, அவர்களுடைய பால்யச் சம்பவங்கள் என்று நான்கு குறிப்புகள் தரப்பட்டன. மூன்று, உறவினர் சொன்ன உண்மைகள். நான்காவது கட்டுக்கதை: ஐந்து வயதில் கடைவளாகத்தில் தொலைந்து, அழுது, ஒரு மூதாட்டியின் உதவியால் வீட்டாரிடம் சேர்ந்தது. சுமார் கால்வாசிப் பேர் அது முழுதாகவோ அரைகுறையாகவோ நினைவிருப்பதாகச் சொன்னார்கள்.

உங்கள் நாயகனும் அந்தக் கால்வாசியில் ஒருவனாக இருக்கலாம்.

முடிவு பற்றியும் ஒன்று. சிறுமியைக் கொன்றது யார், ஏன் என்பதை ஃப்ரெஞ்ச் முழுதாகச் சொல்கிறார். 1984 மர்மத்தை அவிழ்க்காமலே விடுகிறார். வாசகர் பலருக்குக் கோபம்தான். ஆனாலும் 2008இல் சிறந்த முதல் நாவலுக்கான எட்கர் விருது அதற்குக் கிடைத்தது. ஒரு முடிச்சை இறுக்கமாகவே விட நினைத்தால், இன்னொன்றை மிச்சமில்லாமல் அவிழ்த்துவிடுங்கள். இரண்டையும் மூடி வைத்தால் வாசகர் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார்.

இப்போதைக்கு ஒரு வேலை. நாயகனுக்கு நண்பனைப் பற்றி நினைவிருப்பதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அவனே கண்டதா, அம்மா சொல்லிக் கேட்டதா, போட்டோவில் பார்த்ததா என்று குறியுங்கள். இதுவரை எழுதியதை அதன் பிறகு திருத்தலாம்.