பட்டறையில் ஒரு பந்தயப் பாதை

விளையாட்டு வேறு, பாடம் வேறு என்று எண்ணுவோர் பலர். ஆனால் விளையாட்டுக் கார் ஒன்று வளைவில் திரும்பும்போது உற்று நோக்கினால், நாம் முதலாண்டில் படித்த இயக்கவியல் தரையில் உருண்டோடுவதைக் காணலாம். தொலைவிலிருந்து இயக்கும் கார்களுக்குத் தற்காலிகப் பந்தயப் பாதை அமைப்பது எப்படி, அப்பாதையில் வெற்றியைத் தீர்மானிப்பது எது என்பனவற்றை என் பணியிட அனுபவத்தைக் கொண்டு இங்கே விளக்க முயல்கிறேன்.

தோற்றம்

கம்பியின்றித் தொலைவிலிருந்தே ஒரு பொருளை இயக்கலாம் என்பதை 1898-இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சிறு படகை வானொலி அலைகளால் ஓட்டி மெய்ப்பித்தார். 1976-இல் ஜப்பானின் தமியா நிறுவனம் போர்ஷே 934 காரின் 12-இல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியை வானொலிக் கட்டுப்பாட்டுடன் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றோ நம்மூர்த் திருவிழாக் கடைகளிலும் இத்தகைய கார்கள் கிடைக்கின்றன.

எழுந்த சிக்கல்

இரண்டாம் சுழற்சியில் பயிலும் நான், முற்பகலில் ஒரு லேத் பட்டறையில் பணிபுரிகிறேன். ஆயுத பூசையன்று எந்திரங்களைத் துடைத்துப் பொட்டிட்டு, மறுநாள் வரை தொடமாட்டோம். தொழிலாளர்கள் குடும்பத்தோடு வருவார்கள். சென்ற ஆண்டு பூசையன்று மாலையில் பிள்ளைகளுக்குக் கார்ப் பந்தயம் வைக்க முதலாளி இசைந்தார். பாதை அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கார்கள் ஐந்து. நான்கு, கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்கு வாங்கியவை. நொடிக்கு 3 மீட்டர் ஓடுவதே அவற்றுக்கு அரிது. ஐந்தாவது, முதலாளியின் உறவுக்காரப் பையனுடையது. பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள அது, நேர்ப்பாதையில் நொடிக்கு 10 மீட்டர் பாயும்.

"தம்பி, யாரு ஜெயிப்பான்னு இப்பவே தெரிஞ்சுபோச்சு. எங்க பிள்ளைங்க சும்மா நின்னு கை தட்டணுமா?" என்று மூத்த டர்னர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான விடை நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

வளைவின் விதி

வட்டப்பாதையில் செல்லும் பொருளுக்கு மையநோக்கு விசை தேவை. காருக்கு அவ்விசையைத் தருவது சக்கரத்துக்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வு. தேவைப்படும் விசை உராய்வின் எல்லையைத் தாண்டினால் கார் வழுக்கி வெளியே போய்விடும். இவ்விரண்டையும் சமன்படுத்தினால் கிடைப்பது:

வேகத்தின் இருமடி = உராய்வுக் குணகம் × புவியீர்ப்பு முடுக்கம் × வளைவின் ஆரம்.

இச்சமன்பாட்டில் காரின் நிறை இல்லை. சமன்செய்யும்போதே அது அடிபட்டுப் போகிறது. மோட்டாரின் திறனும் இல்லை, விலையும் இல்லை. எனவே வளைவில் கார்களுக்கிடையே வேற்றுமையை உண்டாக்குவது உராய்வு ஒன்றே.

அதையும் அளந்தோம். சக்கரங்கள் சுழலாதபடி நாடாவால் கட்டி, காரைச் சுருள்வில் தராசால் தரையில் இழுத்தோம். இழுவிசையைக் காரின் எடையால் வகுத்தால் குணகம் கிடைக்கும். விலையுயர்ந்த காரின் ரப்பர்ச் சக்கரங்களுக்கு 0.8, பொம்மைக் கார்களின் பிளாஸ்டிக் சக்கரங்களுக்கு 0.4. ஆகவே 1 மீட்டர் ஆரமுள்ள வளைவில் முன்னதன் உச்ச வேகம் நொடிக்கு 2.8 மீட்டர், பின்னதற்கு ஏறத்தாழ 2 மீட்டர். பழைய சைக்கிள் ட்யூபை வளையங்களாக வெட்டிப் பொம்மைக் கார்களின் சக்கரங்களில் மாட்டினோம். குணகம் 0.7 ஆயிற்று, உச்ச வேகம் 2.6-ஐத் தொட்டது. வளைவைப் பொறுத்தவரை ஐந்து கார்களும் இப்போது ஏறக்குறைய ஒரே நிலையில் நின்றன.

பாதை அமைத்தல்

எந்திரங்களுக்கு நடுவே 12 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள வெற்றிடம் இருந்தது. நீளவாக்கில் பாதை போட்டிருந்தால் விரைவான கார் முதல் நேர்க்கோட்டிலேயே வென்றிருக்கும். எனவே எந்த நேர்ப்பகுதியும் 3 மீட்டரைத் தாண்டாதவாறு, பாம்பு போல் நெளியும் பாதையை வகுத்தேன். வேகம் பிடித்த உடனேயே அதைக் குறைத்தாக வேண்டும்.

முதலில் இரும்புத் துருவலைப் பெருக்கி, எண்ணெய் படிந்த இடங்களில் மரத்தூள் தூவித் துடைத்தோம். எண்ணெய்ப் பசையிருந்தால் நாம் கணக்கிட்ட உராய்வு பொய்த்துவிடும். ஒருவர் கயிற்றின் ஒரு முனையை அசையாமல் பிடிக்க, மறுமுனையில் சுண்ணக்கட்டியைக் கட்டி வளைவுகளை வரைந்தோம். பாதையின் அகலம் 1.2 மீட்டர்; ஒரு சுற்றின் நீளம் சுமார் 25 மீட்டர். எல்லைக்குப் பழைய ரப்பர்க் குழாய்களில் மணலை நிரப்பிக் கிடத்தினோம். அவை மோதும் காரை உடைக்காமல் தாங்கும். தரையில் ஓர் ஆணியும் அடிக்கவில்லை. மறுநாள் பூசைக்கு முன் அனைத்தையும் சுருட்டி எடுத்துவிட வேண்டும் அன்றோ!

அலை மோதல்

பந்தயத்துக்கு முன் எல்லாக் கார்களையும் ஒருங்கே இயக்கிச் சோதிப்பது இன்றியமையாதது. மலிவான பொம்மைக் கார்கள் சில 27 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகின்றன. அத்தகைய இரண்டை அருகருகே வைத்தால், ஒரு பொத்தானுக்கு இரு கார்களும் ஓடும். புதிய கார்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில், தத்தம் கருவியோடு மட்டும் இணைந்து இயங்குபவை. அவற்றுக்கு இத்தொல்லை இல்லை. எங்களிடம் முதல் வகைக் கார்கள் இரண்டு இருந்தமையால், ஒவ்வொரு காரையும் தனித்தனியே மூன்று சுற்று ஓடவிட்டு, நிறுத்துக் கடிகாரத்தால் நேரம் குறித்தோம்.

விளைவு

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு நுட்பம் சொல்லிக்கொடுத்தேன்: வளைவின் வெளியோரத்தில் நுழைந்து, நடுவில் உள்ளோரத்தைத் தொட்டு, மீண்டும் வெளியோரத்துக்கு வருக. இவ்வாறு சென்றால் கார் செல்லும் வழியின் ஆரம் கூடுகிறது. ஆரம் 1 மீட்டரிலிருந்து 1.44 மீட்டர் ஆனால், வேகம் 1.2 மடங்கு உயரலாம்.

உறவுக்காரப் பையனின் கார் ஒவ்வொரு நேர்ப்பகுதியிலும் சீறிப் பாய்ந்து, நான்கு முறை குழாயில் மோதியது. மூன்று சுற்றுக்கு 45 நொடி. டர்னர் அண்ணனின் மகள், ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஓர் இடத்திலும் மோதாமல் 41 நொடியில் முடித்தாள். அந்தப் பையன் முகம் சுளிக்கவில்லை, அவளிடமே வந்து, "எப்படித் திருப்பினே?" என்று கேட்டு, இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தான். அம்முறை அவன் மோதியது ஒரே ஒரு தடவை.

முடிவுரை

நீண்ட நேர்ப்பாதை மோட்டாருக்குப் பரிசளிக்கிறது. நெளிந்த பாதை கைத்திறனுக்குப் பரிசளிக்கிறது. எதற்குப் பரிசு என்பதைப் பந்தயம் தொடங்குமுன்பே, சுண்ணக்கட்டியைப் பிடித்தவன் தீர்மானித்துவிடுகிறான். போட்டி எதனையும் நடத்துவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

நம் இயற்பியல் மன்றத்தாரும் கல்லூரி அரங்கில் இத்தகைய பாதையொன்றை அமைக்கலாம். கயிறு, சுண்ணக்கட்டி, சுருள்வில் தராசு, நிறுத்துக் கடிகாரம் ஆகியவை நம் ஆய்வுக்கூடத்திலேயே உள்ளன. பழைய சைக்கிள் ட்யூபுக்கு நான் பொறுப்பு.