சான் பிரான்சிஸ்கோ விரிகுடாத் தீவுகள்: முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பிள்ளைகளைப் பார்க்க ஃப்ரீமான்ட்டுக்கும் சன்னிவேலுக்கும் போகிற நம்மூர்ப் பெற்றோரில் பலர், கோல்டன் கேட் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதோடு விரிகுடாவை முடித்துவிடுகிறார்கள். பாலத்திலிருந்து பார்த்தாலே தீவுகள் தெரியும். அவற்றுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் ஏஞ்சல் தீவுக்குப் போங்கள்.

படி 1: வரைபடத்தைப் பாருங்கள்

இந்த விரிகுடா ஒரு காலத்தில் ஆற்றுப் பள்ளத்தாக்கு. பனியுகம் முடிந்து கடல்மட்டம் ஏறியபோது தண்ணீர் உள்ளே புகுந்தது. முழுகாமல் மிஞ்சிய குன்றுகளின் உச்சிகள்தான் அல்காட்ராஸ், ஏஞ்சல், யெர்பா புவேனா தீவுகள். அலமேடா கதை வேறு. கரையோடு ஒட்டியிருந்த அந்த நிலம், 1902-இல் கால்வாய் வெட்டி முடித்த பிறகுதான் தீவானது.

படி 2: அல்காட்ராஸ் டிக்கெட்டை முதலில் எடுங்கள்

படகு 33-ஆம் எண் துறையிலிருந்து கிளம்புகிறது. கோடையில் டிக்கெட் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். பயணத் தேதி முடிவானதுமே எடுத்துவிடுங்கள். இறங்கியதும் செங்குத்தான ஏற்றம். மூட்டுவலிக்காரர்கள் துறையிலேயே வண்டி வசதி கேட்கலாம்.

1934 முதல் 1963 வரை இது மத்திய அரசின் சிறை. அறைகளைச் சுற்றிவரும்போது காதுக்கருவியை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். முன்னாள் கைதிகளும் காவலர்களும் தங்கள் குரலிலேயே பேசுகிறார்கள். வெளியே வந்ததும் நீர்த்தொட்டியை அண்ணாந்து பாருங்கள். 1969 நவம்பரில் அமெரிக்கப் பூர்வகுடிகள் இந்தத் தீவைத் தங்கள் நிலம் என்று உரிமை கோரிக் கைப்பற்றி, 19 மாதம் வைத்திருந்தார்கள். அவர்கள் எழுதிய வாசகம் சிவப்பு எழுத்தில் இன்றும் அங்கே இருக்கிறது. சிறைக்கதையில் மூழ்கிப் பலர் இதைக் கவனிக்காமலே திரும்பிவிடுவது எனக்கு வருத்தம்.

படி 3: ஏஞ்சல் தீவுக்கு முழு நாள் கொடுங்கள்

சான் பிரான்சிஸ்கோவின் ஃபெர்ரி பில்டிங்கிலிருந்தும் டிபுரானிலிருந்தும் படகு உண்டு. அயாலா கோவ் துறையில் இறங்கியதும் திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

கால் திடமானவர்கள் 240 மீட்டர் உயர லிவர்மோர் சிகரம் ஏறலாம். மற்றவர்கள் நேரே குடியேற்ற நிலையத்துக்கு நடங்கள். அருங்காட்சியகம் எல்லா நாளும் திறப்பதில்லை. கிழமையை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

1910 முதல் 1940 வரை, பசிபிக் கடந்து வந்தவர்களை இங்கே அடைத்து விசாரித்தார்கள். பெரும்பாலும் சீனர்கள், பஞ்சாபிலிருந்து வந்த நம் நாட்டவர்களும் இருந்தார்கள். சீனத் தொழிலாளர் வரவை 1882-இலேயே சட்டம் தடுத்திருந்தது. அமெரிக்கக் குடிமகனின் பிள்ளை என்று நிரூபித்தால் விடுவார்கள். அதற்காக, ஊரில் உன் வீட்டுக்கு எத்தனை படி, மூன்றாவது வீட்டில் யார் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டார்கள். தந்தை சொன்னதும் மகன் சொன்னதும் பொருந்தவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடலாம். சிலர் மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள்.

அவர்கள் தங்கிய மரக்கூடத்தின் சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அடைபட்டவர்கள் கத்தியால் செதுக்கிய சீனக் கவிதைகள் அதில் இருக்கின்றன. அதிகாரிகள் மக்கு வைத்து அடைத்தார்கள், மேலே வண்ணம் பூசினார்கள். அத்தனைக்கும் அடியிலிருந்து எழுத்துகள் பள்ளம் பள்ளமாகத் தெரிகின்றன. விளக்கொளி பக்கவாட்டில் விழும்போது இன்னும் தெளிவாகத் தெரியும். இடிக்கவிருந்த கட்டடம் இது. 1970-இல் அலெக்சாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் இந்த எழுத்துகளைக் கவனித்துச் சொன்னதால்தான் பிழைத்தது. விசா வரிசையில் நின்ற அனுபவமுள்ள எந்தக் குடும்பமும் இந்தக் கூடத்தைப் பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது.

படி 4: மாலையில் டிரெஷர் தீவு

1939-இன் உலகக் கண்காட்சிக்காகக் கடலில் மண் கொட்டி உருவாக்கிய தீவு. பிறகு 1997 வரை கடற்படைத் தளம். பே பாலம் வழியாகக் காரிலேயே போய்விடலாம். எதிர்க்கரையில் நகரத்தின் விளக்குகளைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு மணி நேரம் போதும்.

படி 5: கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்

கலிஃபோர்னியா என்றதும் வெயில் என்று நினைத்து, ஜூலையில் பருத்திச் சட்டையோடு படகேறாதீர்கள். கோடையில்தான் கடல்மூடுபனி விரிகுடாவுக்குள் வருகிறது; மேல்தளத்தில் காற்று நடுக்கும். தேதி உங்கள் கையில் இருந்தால் செப்டம்பர், அக்டோபரைத் தேர்ந்தெடுங்கள்.